டக் டக் சத்தம், மிஸ்ஸிங், மைலேஜ் சரிவு: பெட்ரோலை எப்போது சந்தேகிக்கலாம்?

வண்டி கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் முதல் ஆபீஸ் நண்பர் வரை எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எந்த பங்க்ல போட்டீங்க?" என்பதுதான். அடுத்த வரி "ஒரு தடவை பிரீமியம் அடிச்சுப் பாருங்க, பிச்சுக்கிட்டுப் போகும்." பதினோரு வருஷமாக ஒரே பெட்ரோல் ஹேட்ச்பேக்கைக் கோவையில் வைத்து ஓட்டுகிறேன். இந்த இரண்டையும் நம்பி நான் விட்ட காசு கொஞ்சநஞ்சமல்ல. பெரும்பாலும் பெட்ரோல் மேல் தப்பே இருந்ததில்லை. தப்பு இருந்த ஒரு தடவையும் அது கம்பெனியின் தப்போ ஆக்டேன் எண்ணின் தப்போ இல்லை, அந்த ஒரு பங்க்கில் தரைக்கு அடியில் இருந்த டேங்க்கின் தப்பு.

அதனால் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

பெட்ரோல் போடும் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லாவிட்டால் டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டில் இருக்கும். 91 என்றோ 95 என்றோ ஓர் எண், அது ஆக்டேன். பக்கத்தில் இ10 அல்லது இ20, அது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் சதவீதம். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் பங்க்கை மாற்றுவது பவர் தெரியாமல் கண்ணாடி வாங்குகிற மாதிரி.

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைக் காட்டுகிற எண் இல்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும்போது, பிளக் பொறி வைக்கும் வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கிற குணத்தின் அளவு. ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டு, நம் பெட்ரோல் இந்த இரண்டின் எந்தக் கலவை மாதிரி நடந்துகொள்கிறது என்று சோதனை இன்ஜினில் ஓட்டிப் பார்த்துப் போடும் எண் அது. அதிகமாக அமுக்கும் இன்ஜினுக்குப் பொறுமைசாலியான பெட்ரோல் வேண்டும். சாதாரணமாக அமுக்கும் இன்ஜினுக்கு அந்தக் கூடுதல் பொறுமையால் ஒரு பயனும் கிடையாது.

இலங்கையில் 92, 95 என்று பெயரே எண்ணில்தான் இருக்கிறது, குழப்பம் குறைவு. நம் ஊர் பங்க்கில் சாதாரண பெட்ரோலுக்கு எண்ணே எழுதுவதில்லை. ரொம்ப நாளாக அது 91. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் 95 ஆகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் விளக்கம் கொடுத்தது. எத்தனாலுக்கே ஆக்டேன் 100க்கு மேல், அதனால் கலக்கக் கலக்க எண் ஏறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். அமெரிக்க வீடியோக்களில் 87 போடுகிறார்களே என்று குழம்ப வேண்டாம். அங்கே பம்பில் எழுதுவது இரண்டு விதச் சோதனைகளின் சராசரி, அவர்களுடைய 87 நம் கணக்கில் கிட்டத்தட்ட 91.

ஏற்றத்தில் மட்டும் டக் டக் என்று சத்தம்

சின்னக் கோலிக்குண்டுகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வரும், காலை எடுத்தால் அந்த நொடியே நின்றுவிடும். இதுதான் நாக்கிங். "இன்ஜின் அடிக்குது" என்று மெக்கானிக் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

முதலில் கியரைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாற்றில் ஏற ஆரம்பித்ததும் எனக்கு இந்தச் சத்தம் வரும், பர்லியாறு வரை விடாது. மூன்று தடவை பங்க்கை மாற்றினேன். நான்காவது தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "நாலாவதுலயே ஏத்துறீங்களே மாமா, அது எப்படி அடிக்காம இருக்கும்?" என்றான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று 1,300 ஆர்பிஎம்மில் டாப் கியரில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றாவதுக்கு இறக்கி 2,200க்கு மேல் வைத்தேன், சத்தம் போயே போய்விட்டது. சுற்று குறைவாக இருக்கும்போது அழுத்தி மிதித்தால் எரியாத கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரம் கூடுகிறது, அதனால்தான் தானாக வெடிக்கிறது. அதற்கு மருந்து கியர் மாற்றுவதுதான், அதற்குக் காசும் செலவில்லை.

வேடிக்கையான ஒரு விஷயம், உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்துபோகும், சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறையும், அதனால் நாக்கிங் வரும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே போய் "மலைக்கு பிரீமியம்தான் சரி" என்று டேங்க்கை நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் வருவதெல்லாம் அடிவாரத்தில், ஏசி ஓட, ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கி நிறைய மூட்டையோடு ஏறும் முதல் சில வளைவுகளில்தான்.

கியர் இறக்கியும் சத்தம் போகவில்லையா, டெம்ப்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். வழக்கத்துக்கு மேலே நின்றால் கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன், சூட்டுக்கேற்ப கூலன்ட்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் பக்கம் போக வேண்டும், பெட்ரோலை மறந்துவிடுங்கள். முள் சரியாக இருந்தால் அடுத்து பிளக். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி சொன்ன நம்பர் பிளக்தானா, கடையில் கைக்கு வந்ததைப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். வெப்பத்தைக் கடத்தும் அளவு மாறினால் பிளக் நுனியே கங்கு மாதிரி பழுத்துத் தானாகப் பற்றவைக்கும். மூன்றாவது கார்பன். ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஊருக்குள்ளேயே ஊர்ந்த வண்டியில் பிஸ்டன் தலையில் கரி படியும். அது இடத்தை அடைப்பதால் அமுக்கம் கூடும், கரியே சூடேறிக் கனன்றும் கொண்டிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஆக்டேன். டேங்க் காலியாகும் நேரம் பார்த்து ஒரு முழு டேங்க் 95 பிரீமியம் போட்டு அதே ஏற்றம், அதே கியர், அதே ஆட்களோடு போய்ப் பாருங்கள். பாதி டேங்க் பழையது இருக்க மேலே இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. சத்தம் குறைந்தால் ஒன்று முன்னால் போட்ட பெட்ரோல் தரம் குறைந்தது, அல்லது உங்கள் இன்ஜினுக்குக் கரி ஏறியிருக்கிறது, கூடுதல் ஆக்டேன் அதை மூடி மறைக்கிறது. இரண்டாவது சந்தர்ப்பத்தில் பிரீமியம் போட்டே காலத்தை ஓட்டலாம்தான், ஆனால் கரியை எடுப்பது மலிவு.

நின்ற இடத்திலும் டக் டக்

இது பெட்ரோல் இல்லை. ஐடிலில் ஒரே தாளத்தில் வந்து, ஆர்பிஎம் ஏற ஏறத் தாளமும் வேகமாகிறது என்றால் வால்வைத் தள்ளும் டாப்பெட், அல்லது ஆயில் குறைவு. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஏதோ தகரம் அதிர்கிற மாதிரி என்றால் சைலன்சர் மேல் இருக்கும் வெப்பத் தகட்டின் போல்ட் லூஸ். எந்த ஆக்டேன் போட்டாலும் போகாது.

பெட்ரோல் போட்ட கொஞ்ச தூரத்திலேயே மிஸ்ஸிங், ஜெர்க்

இங்கேதான் பெட்ரோலை நேராகச் சந்தேகிக்கலாம். பங்க் வரை நன்றாக வந்த வண்டி, கிளம்பி ஐந்து, பத்து கிலோமீட்டரில் வெட்டி வெட்டி இழுத்தால் கலப்படத்தைவிட முதலில் நினைக்க வேண்டியது தண்ணீர்.

எனக்கு நடந்தது ஐப்பசி அடைமழையில், தீபாவளிக்கு முந்தைய இரவு. நெடுஞ்சாலை ஓரம் ஒரு பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டேன், முன்பக்கம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்தும் போட்டேன், அது என் புத்தி. பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியிருக்கும், வண்டி விக்கல் எடுத்த மாதிரி குலுங்க ஆரம்பித்து, செக் இன்ஜின் லைட் கண் சிமிட்டியது. ஓரம் கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் முக்கால் பாகம் பிடித்தார். பானெட் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பாட்டிலில் கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்கு. மேலே பொன் நிறத்தில் பெட்ரோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சற்றே கலங்கலாக வேறொன்று. அவர் பாட்டிலைக் குலுக்கினார், எல்லாம் பால் மாதிரி ஆனது, ஐந்து நிமிஷத்தில் மறுபடி கோடு. "அடியில இருக்கறது வெறும் தண்ணி இல்ல சார், சாராயமும் சேர்ந்து இறங்கிருச்சு" என்றார்.

அவர் சொன்னது சரி. எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு அடியில் இறங்கிவிடும். காருக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவது டேங்க்கின் அடியிலிருந்துதான், அதனால் இன்ஜினுக்கு முதலில் போவது அந்தக் கலவை. மேலே மிஞ்சுகிற பெட்ரோல் எத்தனாலை இழந்ததால் அதன் ஆக்டேனும் இறங்கியிருக்கும். அந்தக் காலத்து பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் அது வெறும் தண்ணீர், வடித்துவிட்டு மேலே இருப்பதைப் போட்டு ஓட்டலாம். இப்போது மொத்தத்தையும் இறக்கத்தான் வேண்டும்.

உங்களுக்கு இப்படி ஆனால்:

லைட் கண் சிமிட்டினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், அதன் விலை மிஸ்ஸிங் செலவைப்போல் பல மடங்கு. திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கவும் வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, டேங்க்கை இறக்கும் முன் ஒரு கண்ணாடி பாட்டிலிலோ தெளிந்த பிளாஸ்டிக் பாட்டிலிலோ மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலையும் பில்லையும் சேர்த்து ஃபோட்டோ எடுங்கள். பில் வாங்கவில்லை என்றால் யுபிஐ செய்தி நேரத்தோடு இருக்கும், அதுவும் உதவும். பங்க்கில் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் அங்கே மாட்டியிருக்கும் விற்பனை அதிகாரியின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், புகார் புத்தகம் கேளுங்கள். எனக்கு டேங்க் கழுவி, லைன் சுத்தம் செய்து, பிளக் மாற்றியதில் ஐயாயிரத்துக்குப் பக்கம் ஆனது. அந்த பங்க்கில் முதலில் "உங்க வண்டி மூடி சரியில்ல சார்" என்றார்கள், பாட்டிலைப் பார்த்த பிறகு பெட்ரோல் காசை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

தண்ணீர் இல்லை, பாட்டிலில் ஒரே அடுக்குதான், ஆனாலும் மிஸ்ஸிங் என்றால்? பிளக் பொறி வைக்க மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். மழையில் ஈரம் இறங்கி காயில் போவதும், பெட்ரோல் போட்ட அன்றைக்கே அது நடப்பதும் சகஜம். பாவம் பங்க்காரர் திட்டு வாங்குவார்.

கலப்படம்தான் என்று சந்தேகமா, பங்க்கிலேயே கேட்டு வாங்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. வடிதாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் இரண்டு நிமிஷத்தில் கறை விடாமல் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருந்தால் வட்டமாகக் கறை நிற்கும். அடர்த்தியை அளந்து காட்டவும் சொல்லலாம். லாரியில் வந்தபோது பதிவான அடர்த்தியோடு ஒப்பிட்டு, 15 டிகிரிக்குத் திருத்தியபின், கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேட்கலாம். அளவு குறைகிறது என்று தோன்றினால் முத்திரை குத்திய 5 லிட்டர் குடுவை அங்கேயே இருக்க வேண்டும், அதில் பிடித்துக் காட்டச் சொன்னால் 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

மைலேஜ் விழுந்துவிட்டது

இன்றைக்கு அதிகம் வரும் புகார் இதுதான், பாதி நியாயம் இருக்கிறது.

எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் எரிசக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால், எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிடக் காகிதக் கணக்குப்படி ஏறக்குறைய 7 சதவீதம் சக்தி குறையும். ஆனால் நாம் யாரும் நேற்று வரை சுத்த பெட்ரோல் போடவில்லை. 2022 நடுவிலேயே நாடு 10 சதவீதக் கலவையை எட்டியிருந்தது. அதிலிருந்து 20க்குப் போனதில் குறைவது 3, 4 சதவீதம். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, சுத்த பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்றும், 10க்காக வடிவமைத்து 20க்கு டியூன் செய்த கார்களில் 1, 2 சதவீதம்தான் என்றும் இருக்கிறது. ஆக, 16 கொடுத்த வண்டி 15 கொடுத்தால் அது எத்தனால். 16 கொடுத்தது 11 கொடுக்கிறது என்றால் அது எத்தனால் இல்லை, தயவுசெய்து அரசியல் பேசுவதை நிறுத்திவிட்டு டயரில் காற்றைப் பாருங்கள்.

காற்று சரியென்றால் பிரேக். ஒரு கிலோமீட்டர் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையை வையுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக்கை அமுக்கும் காலிப்பர் விடுபடாமல் ஒட்டியிருக்கிறது. அப்புறம் ஏர் ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார், தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் திறந்தே கிடந்தால் இன்ஜின் சூடாகவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலை வாரி இறைக்கும்.

அதற்கும் முன்னால், விழுந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது? டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பியா? ஒரே பங்க்கில், ஒரே பம்பில், தானாக நிற்கும் முதல் கிளிக் வரை போடுங்கள். "ரவுண்ட் பண்ணிடவா சார்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியம் ஆக்கி 400 கிலோமீட்டராவது ஓட்டி, திரும்ப அங்கேயே முதல் கிளிக் வரை. ஓடியதை லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். இதை மூன்று தடவை செய்த சராசரிதான் மைலேஜ். மற்றதெல்லாம் பேச்சு.

பிரீமியம் போட்டால் மைலேஜ் திரும்புமா? சென்னையில் சாதாரண பெட்ரோல் 100 ரூபாயைச் சுற்றி இருக்கும்போது 95 பிரீமியத்துக்கு எட்டு ரூபாய் கூட என்று வையுங்கள். 15 கொடுக்கும் வண்டி 16.2 கொடுத்தால்தான் காசு சரிக்குச் சரி. அந்த பிரீமியத்திலும் எத்தனால் இருக்கிறது, அதனால் சக்தி இழப்பு அதிலும் உண்டு. 91க்கு வடிவமைத்த இன்ஜினில் இந்த 8 சதவீதம் கிடைத்ததை நான் இதுவரை என் கணக்கு நோட்டில் பார்த்ததில்லை. 100 ஆக்டேன் பக்கம் போவதென்றால், இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 2020 டிசம்பரில் டெல்லியில் அறிமுகமானபோதே லிட்டர் 160 ரூபாய். சூப்பர் கார், பெரிய பைக் வைத்திருப்பவர்கள் போடட்டும். அதில் எத்தனால் இல்லை என்பதற்காக மட்டும் தினசரி ஆபீஸ் போகிற வண்டிக்கு அதைத் தேடிப் போவது, மிளகாய் காரம் என்று முந்திரிப் பொரியல் சாப்பிடுகிற கதை.

விடிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும், 100க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பதெல்லாமும் இந்த வரிசைதான். பெட்ரோல் இருப்பது தரைக்கு அடியில், காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு அவ்வளவாக மாறாது.

டர்போ வண்டி, வெயிலில் இழுக்கவில்லை

இங்கே ஆக்டேனுக்கு உண்மையான வேலை இருக்கிறது. டர்போ காற்றை அடைத்து அனுப்புவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். நாக் சென்சார் சின்ன அதிர்வைக் கேட்டதும் கம்ப்யூட்டர் பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும். நம் காதில் சத்தமே விழாது, இழுவை மட்டும் குறையும். சித்திரை வெயிலில், டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு ஓவர்டேக் பண்ணப் போனால் வண்டி யோசிக்கிறதே, அதுதான். ஸ்டிக்கரில் 95 என்று இருந்தால் 95 போடுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம். 91 குறைந்தபட்சம், 95 பரிந்துரை என்று இரண்டும் இருந்தால், இரண்டு டேங்க் பிரீமியம் ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் பழகக் கொஞ்ச தூரம் வேண்டும் என்பதால்தான் இரண்டு. ஆரம்பத்தில் சொன்ன விஷயம் இங்கே உதவும், அமைச்சகம் சொல்கிறபடி இ20 பெட்ரோலே 95 என்றால், பிரீமியத்தில் நீங்கள் கூடுதலாக வாங்குவது பெரும்பாலும் சுத்தம் செய்யும் ரசாயனத்தைத்தான். வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

டர்போவில் இன்னொரு சத்தம் உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் முழுசாக மிதிக்கும்போது எப்போதாவது ஒரே ஒரு "டமார்". இது வேறு வியாதி. சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், ஆயில் துளி கலந்து பொறிக்கு முன்னாலேயே பற்றுவதால் வருவது. ஆக்டேன் இதை அவ்வளவாகத் தடுக்காது, சரியான ஆயில் தடுக்கும். ஆயில் டின்னில் ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள், கியரையும் இறக்கி ஓட்டுங்கள். அதே நேரடி பீய்ச்சல் இன்ஜின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வு மேல் படுவதே இல்லை, அதனால் "வால்வைச் சுத்தம் செய்யும்" என்று விளம்பரம் செய்யும் எந்த பெட்ரோலும் அங்கே வால்வைத் தொடப் போவதில்லை.

பல நாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

பேட்டரி. முதலில் பேட்டரி, அப்புறமும் பேட்டரி. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், சாவியை ஆனில் வைத்துப் பின் சீட் பக்கம் காதைக் கொடுங்கள், இரண்டு நொடி "உய்ங்" என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வர வேண்டும். வந்தால், பழைய பெட்ரோல். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும், காற்றின் ஈரத்தை எத்தனால் இழுத்திருக்கும். வெளிநாடு போகிறீர்கள், மூன்று மாதம் வண்டி நிற்கும் என்றால் டேங்க்கைக் காலியாக விடாதீர்கள். மேலே வெற்றிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஈரக் காற்று உள்ளே வரும். வந்ததும் பத்து லிட்டர் புதிதாகப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

பெட்ரோல் வாசனை வருகிறது

இதைத் தள்ளிப்போடக் கூடாது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பொருளில் செய்யப்பட வேண்டும் என்பது திட்டம். அதற்கு முந்தையவற்றில், அதுவும் கார்புரேட்டர் காலத்து வண்டிகளில், பழைய ரப்பர் குழாயும் கேஸ்கட்டும் ஊதி, வெடிப்பு விட்டுக் கசியலாம். குழாயை விரலால் அமுக்கினால் பிசுபிசு என்று இளகியோ, மடக்கினால் கீறல் தெரிந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். குழாயும் கிளிப்பும் சில நூறு ரூபாய். கடையில் எத்தனால் தாங்கும் குழாய் என்றே கேட்டு வாங்குங்கள். இதற்கும் பிரீமியம் பெட்ரோல் மருந்தல்ல.

பெட்ரோல் காரில் டீசல் போட்டுவிட்டார்கள்

சாவியைத் திருப்பாதீர்கள். ஆனில் வைத்தாலே பம்ப் ஓடி டீசலை லைனுக்குள் இழுத்துவிடும். நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டுங்கள், டேங்க்கை இறக்கச் சொல்லுங்கள். தெரியாமல் ஓட்டிவிட்டால் வெள்ளைப் புகையும் மிஸ்ஸிங்குமாக வண்டியே நின்றுவிடும், உடனே அணையுங்கள்.

எந்தத் தொல்லையும் இல்லை, ஆனாலும் எந்த கம்பெனி நல்லது?

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி. கோவைப் பக்கம் இருகூரிலும் கரூரிலும் இருக்கும் கிடங்குகளுக்கு பெட்ரோல் வருவது கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியாக. சென்னை மணலி ஆலையிலிருந்து திருச்சி, மதுரை வரை இன்னொரு குழாய் போகிறது. எண்ணெய் நிறுவனங்கள் ஒன்றின் கிடங்கிலிருந்து மற்றொன்று சரக்கு எடுத்துக்கொள்வதும் நடக்கிற விஷயம்தான். பலகையில் நிறம் வேறாக இருந்தாலும் சாதாரண பெட்ரோலின் அடிப்படைச் சரக்கு ஒரே ஆலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். வித்தியாசம், மேலே சேர்க்கும் ரசாயனத்திலும் அதைவிட முக்கியமாக அந்த பங்க்கின் டேங்க்கிலும்தான்.

அதனால் நான் கம்பெனி பார்ப்பதில்லை, பங்க் பார்க்கிறேன். கூட்டம் அதிகம் வரும் பங்க், ஏனென்றால் அங்கே சரக்கு தேங்காது. தரை உயரமாக, மழைத் தண்ணீர் நிற்காத இடம். டேங்க் மூடிகள் இருக்கும் பகுதி சுற்றுத் தரையைவிடக் கொஞ்சம் மேடாகக் கட்டியிருக்கிறார்களா என்று ஒரு தடவை இறங்கி நடந்து பாருங்கள், நிறைய இடத்தில் அது பள்ளத்தில் இருக்கும். கேட்டால் முகம் சுளிக்காமல் வடிதாள் எடுத்துத் தருகிற ஆள். டேங்க்கர் லாரி நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தால் மட்டும் எந்த நல்ல பங்க்காக இருந்தாலும் போடுவதில்லை, அடியில் படிந்த தூசியும் தண்ணீரும் அப்போதுதான் கலங்கி மேலே வரும். அன்றைக்கு டேங்க் கால்வாசி இருந்தால் மறுநாள் வருகிறேன். ரிசர்வ் லைட் எரிந்துகொண்டிருந்தால் எதிர் பங்க்கில் இருநூறு ரூபாய்க்கு மட்டும்.